முதல் தடவை பூஜ்யம், இப்போது 1,200 டாலர்: ஸ்டிமுலஸ் பணம் யாருக்கு வரும், வராவிட்டால் எங்கே கேட்பது?

எடிசன்_வாசன் | 2021 ஜனவரி 6

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் நான் எச்-1பி வேலை விசாவில், மனைவி என்னைச் சார்ந்த எச்-4 விசாவில். அவருக்கு எஸ்.எஸ்.என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) கிடையாது. ஐ.டி.ஐ.என் (எஸ்.எஸ்.என் இல்லாதவர்களுக்கு வரிக்காகத் தரும் எண்) வைத்துத்தான் வருடா வருடம் சேர்ந்து டாக்ஸ் ஃபைல் செய்கிறோம். மகள் இங்கேயே பிறந்தவள், நாலு வயது. போன ஏப்ரலில் ஆபீசில் கூட வேலை செய்பவர்களுக்கெல்லாம் கொரோனாவுக்காக அரசு கொடுத்த ஸ்டிமுலஸ் பணம் வந்தது, எங்களுக்குச் சல்லிக்காசு வரவில்லை. மனைவிக்கு எஸ்.எஸ்.என் இல்லாததால் குடும்பத்துக்கே கிடையாது என்றார்கள். சரி போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

நேற்று முன்தினம் வங்கிக் கணக்கைத் திறந்தால் வரித்துறையான ஐ.ஆர்.எஸ்ஸிடமிருந்து 'ஐ.ஆர்.எஸ் ட்ரெஸ் 310' என்ற பெயரில் 1,200 டாலர் வந்திருக்கிறது. இந்தத் தடவை தலைக்கு 600 தானே? எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தவறாகப் போட்டுவிட்டார்களா? செலவழித்த பிறகு திருப்பிக் கேட்டால் என்ன செய்வது? கிரீன் கார்டு வரிசையில் வேறு நிற்கிறோம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டாலஸ்_குமார் | 2021 ஜனவரி 6

தொடாதீர்கள். அப்படியே கணக்கில் விட்டு வையுங்கள். நாம் விசாவில் இருக்கிறவர்கள், அரசாங்க உதவிப் பணம் வாங்கினால் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். ஐ-944 படிவத்தில் என்னென்ன உதவி வாங்கினாய் என்று கேட்கிறானே, பார்த்ததில்லையா? வேலை போன அமெரிக்கர்களுக்காக ஒதுக்கிய பணம் இது. எனக்கும்தான் வந்தது, உறுத்தலாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | 2021 ஜனவரி 7

வாசன், வந்தது சரியான தொகைதான். உங்களுக்கு 600, மகளுக்கு 600. மனைவிக்கு இல்லை.

நடந்தது இதுதான். 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான கேர்ஸ் சட்டத்தில், கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் செய்தால் இருவருக்குமே எஸ்.எஸ்.என் வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. அதனால் அமெரிக்கக் குடிமக்களே பலர், துணைக்கு ஐ.டி.ஐ.என் என்ற ஒரே காரணத்தால், குழந்தைகளுக்கான 500 உட்பட எல்லாவற்றையும் இழந்தார்கள். டிசம்பர் 27 அன்று கையெழுத்தான சட்டத்தில் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். இனி எஸ்.எஸ்.என் உள்ள துணைக்கும், எஸ்.எஸ்.என் உள்ள பிள்ளைகளுக்கும் உண்டு.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. அந்தத் திருத்தம் முதல் தவணைக்கும் பின்தேதியிட்டுச் செல்லும். அதாவது ஏப்ரலில் உங்களுக்கு வராமல் போன 1,200, மகளுக்கான 500, ஆக 1,700 டாலர் உங்களுக்குச் சேர வேண்டியது. ஆனால் அதைத் தானாக அனுப்ப மாட்டார்கள். 2020-க்கான 1040 என்ற டாக்ஸ் ரிட்டர்ன் படிவத்தில் 30-ஆம் வரி (லைன் 30), 'ரிகவரி ரிபேட் கிரெடிட்' என்று இருக்கும். அங்கே கேட்டு வாங்க வேண்டும். உங்கள் வருமானம் 1,50,000-க்குள் இருந்தால் முழுத் தொகையும் வரும்.

குமார், நீங்கள் சொல்வதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. உறுத்தல் உங்கள் சொந்த விஷயம், நான் தலையிடவில்லை. வேண்டுமானால் ஊரில் இருக்கும் ஃபுட் பேங்குக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் சட்டப்படி இது உதவித்தொகையே இல்லை. 2020-ஆம் ஆண்டுக்கான வரிச் சலுகை, முன்கூட்டியே கையில் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஐ-944-இல் கேட்பது ஃபுட் ஸ்டாம்ப், மெடிக்கெய்ட், வீட்டு வாடகை உதவி போன்றவை. வரிச் சலுகை அந்தப் பட்டியலில் இல்லை. சட்டத்தின் வரையறையும் விசாவைப் பார்க்கவில்லை. 'நான்-ரெசிடென்ட் ஏலியன்' ஆக இருக்கக்கூடாது, யாருடைய டிபென்டன்ட் ஆகவும் இருக்கக்கூடாது என்கிறது. எச்-1பியில் வருடம் முழுக்க இங்கே இருப்பவர் வரிச் சட்டத்தின் கண்ணில் ரெசிடென்ட். உலக வருமானம் முழுவதற்கும் வரி கட்டுகிறோம், சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் பிடித்துக்கொள்கிறார்கள். சலுகை வரும்போது மட்டும் நாம் ஏன் விருந்தாளியாகிவிட வேண்டும்?

ஆகவே இந்த இழையில் யார் கேட்டாலும் நான் சொல்லப்போவது ஒன்றுதான். வங்கிக் கணக்கில் வந்ததை வைத்து உங்கள் உரிமையை அளக்காதீர்கள். வந்தது ஒரு அட்வான்ஸ். கணக்கு முடிவது டாக்ஸ் ரிட்டர்னில்.

எடிசன்_வாசன் | 2021 ஜனவரி 7

அண்ணா, வயிற்றில் பால் வார்த்தீர்கள். எங்கள் ஏ.ஜி.ஐ (சில கழிவுகள் போக வரும் மொத்த வருமானம்) 1,10,000 பக்கம்தான். என் எஸ்.எஸ்.என் அட்டையில் 'டி.எச்.எஸ் (உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை) அனுமதி இருந்தால் மட்டுமே வேலைக்குச் செல்லும்' என்று அச்சிட்டிருக்கிறதே, அது பரவாயில்லையா?

கணக்குப்பிள்ளை | 2021 ஜனவரி 7

அனுமதி நடப்பில் இருக்கும்வரை அது வேலைக்குச் செல்லுபடியாகும் எண்தான். 'வேலைக்குச் செல்லாது' என்று அச்சான அட்டைதான் ஆகாது. அது பழைய காலத்தில் வேறு காரணத்துக்காகக் கொடுத்தது.

மினியாப்பொலிஸ்_மீனா | 2021 ஜனவரி 9

நானும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். இருவருக்கும் எஸ்.எஸ்.என் இருக்கிறது. 2019 ஏ.ஜி.ஐ 1,58,000. முதல் தவணை 2,000 வந்தது, இரண்டாவது 800 வந்தது. ஆகஸ்டில் பையன் பிறந்தான். எனக்கு ஏப்ரலிலிருந்து வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், அதனால் 2020 ஏ.ஜி.ஐ 1,52,000 அளவில்தான் வரும். பையனுக்கு ஏதாவது உண்டா? கணவர் 'வந்த வரைக்கும் லாபம், நோண்டாதே' என்கிறார்.

கணக்குப்பிள்ளை | 2021 ஜனவரி 9

நோண்டுங்கள் மேடம்.

உங்களுக்கு அனுப்பியது 2019 கணக்கை வைத்து. தம்பதிக்கு 2,400. வரம்பான 1,50,000-ஐ 8,000 தாண்டியதால் அதில் 5 சதவீதம், 400 டாலர் கழித்து 2,000. இரண்டாவதில் 1,200-இலிருந்து அதே 400 போய் 800. கணக்கு பிசகவில்லை.

இப்போது 2020 ரிட்டர்னில் புதிதாகப் போடுவார்கள். குழந்தையோடு முதல் தவணை 2,900, வரம்பைத் தாண்டியது 2,000 என்பதால் கழிப்பது 100, ஆக 2,800. கைக்கு வந்தது 2,000, பாக்கி 800. இரண்டாவதில் மூவருக்கும் 1,800, கழிப்பது 100, ஆக 1,700. வந்தது 800, பாக்கி 900. மொத்தம் 1,700 டாலர் 30-ஆம் வரியில் கேட்கலாம். பையனுக்கு எஸ்.எஸ்.என் வந்துவிட்டதல்லவா?

தலைகீழாக நடந்திருந்தால், அதாவது 2020-இல் வருமானம் கூடியிருந்தால், அதிகமாக வந்ததைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

மினியாப்பொலிஸ்_மீனா | 2021 ஜனவரி 9

எஸ்.எஸ்.என் வந்துவிட்டது சார். கணவரிடம் உங்கள் பதிலைக் காட்டினேன். பேசாமல் டபிள்யூ-2 (வருடச் சம்பளச் சான்று) தேடப் போய்விட்டார் :)

நேபர்வில்_கவிதா | 2021 ஜனவரி 11

என் பிரச்சினை வேறு. தகுதி எல்லாம் சரி, பணம்தான் எங்கே போனது என்று தெரியவில்லை. ஐ.ஆர்.எஸ்ஸின் 'கெட் மை பேமென்ட்' இணையப் பக்கத்தில் ஜனவரி 4 அன்று டெபாசிட் செய்தாயிற்று என்று காட்டுகிறது. கணக்கின் கடைசி நாலு எண்ணும் போட்டிருக்கிறது. அது எங்களுடைய எந்தக் கணக்கும் இல்லை! என்னுடையது, அவருடையது, பழைய ஊரில் மூடிய கணக்கு, எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டோம். வங்கியில் கேட்டால் எங்களுக்கு எதுவும் வரவில்லை என்று கையை விரிக்கிறார்கள். யாராவது திருடிவிட்டார்களா?

ராலே_சுந்தரம் | 2021 ஜனவரி 11

அம்மா, பயப்படாதீர்கள். போன வருடம் டாக்ஸ் ஃபைல் செய்தபோது, செய்தவருக்கான கட்டணத்தை ரீஃபண்டிலிருந்தே பிடித்துக்கொள்ளச் சொன்னீர்களா?

நேபர்வில்_கவிதா | 2021 ஜனவரி 11

ஆமாம் அங்கிள். கையிலிருந்து எதுவும் தர வேண்டாம், ரீஃபண்டில் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். அதுதான் காரணமா?

கணக்குப்பிள்ளை | 2021 ஜனவரி 11

அதேதான். சுந்தரம் சார் கரெக்டாகப் பிடித்துவிட்டார். அப்படிக் கழிக்கும்போது ரீஃபண்ட் நேராக உங்களிடம் வராது. அவர்களுடைய கூட்டாளி வங்கி ஒன்றில் உங்கள் பெயரில் தற்காலிகக் கணக்கு திறப்பார்கள். ஐ.ஆர்.எஸ் அதில் போடும், கட்டணத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உங்களுக்கு அனுப்பிவிட்டு அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். ஐ.ஆர்.எஸ் ஏட்டில் மட்டும் அந்த எண் அப்படியே தங்கிவிடும். இந்தத் தவணையில் நாடு முழுக்க லட்சக்கணக்கான பேருக்கு இதே கதை. மூடிய கணக்குக்கு வந்த பணத்தை அந்த வங்கி தன்னிடம் வைத்துக்கொள்ளக்கூடாது, திருப்பி அனுப்பியாக வேண்டும். பல நிறுவனங்கள் தாங்களே வாடிக்கையாளரின் உண்மையான கணக்குக்கு மாற்றிவிடவும் ஆரம்பித்திருக்கின்றன. சில நாள் பாருங்கள்.

வரவில்லை என்றால் இரண்டு வழி, இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். 'கெட் மை பேமென்ட்' பக்கம் நிலவரம் கிடைக்கவில்லை என்று சொன்னால், பணம் அனுப்பப்படவே இல்லை என்று வைத்துக்கொண்டு 30-ஆம் வரியில் கேளுங்கள். ஆனால் அனுப்பியாயிற்று என்று தேதி போட்டுக் காட்டினால், அல்லது 1444-பி என்ற கடிதம் வீட்டுக்கு வந்தால், ஐ.ஆர்.எஸ் கணக்குப்படி நீங்கள் வாங்கியவர். அப்போது முதலில் 'பேமென்ட் ட்ரேஸ்' கேட்க வேண்டும். 3911 படிவம் நிரப்பி அனுப்பலாம், தொலைபேசியிலும் கேட்கலாம். பதில் வர ஆறு வாரம்வரை ஆகும். ட்ரேஸ் போடாமல் 30-ஆம் வரியில் மட்டும் கேட்டால், 'ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்' என்று அந்தத் தொகையை வெட்டிவிட்டுக் கடிதம் அனுப்புவார்கள், அதோடு மொத்த ரீஃபண்டும் தாமதமாகும்.

இன்னொன்று. அந்தப் பக்கத்தில் இந்தத் தவணைக்கு வங்கி எண்ணை மாற்ற முடியாது. பகலில் பத்துத் தடவை திறந்து பார்த்தும் பயனில்லை, நாளுக்கு ஒரு முறை இரவில்தான் புதுப்பிக்கிறார்கள். தவறான விவரத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் 24 மணி நேரம் பூட்டிவிடும்.

ராலே_சுந்தரம் | 2021 ஜனவரி 12

நான் ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். டெபாசிட்டுக்குக் கணக்கு இல்லாதவர்களில் சிலருக்குக் காசோலைக்குப் பதில் விசா டெபிட் கார்டு அனுப்புகிறார்கள். போன தடவை அது கடன் அட்டை விளம்பரம் மாதிரி சாதாரண உறையில் வந்தது. அனுப்புநர் இடத்தில் 'மணி நெட்வொர்க்' என்று இருந்தது, கார்டின் பின்னால் மெட்டாபேங்க் என்று போட்டிருக்கும். ஐ.ஆர்.எஸ் என்ற எழுத்தே வெளியே தெரியவில்லை. போன மே மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அதைக் கத்தரிக்கோலால் நாலாக வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, ஜூலைவரை தபால்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். மாற்று அட்டை வாங்கிக் கொடுத்தோம்.

அப்புறம் எனக்கு ஒரு ஆதங்கம். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம், வயது 19. டிபென்டன்ட் ஆகத்தான் காட்டுகிறோம். அவளுக்கும் இல்லை, அவள் பெயரில் எங்களுக்கும் இல்லை. 16 வயதுவரைதான் பிள்ளையாம். கல்லூரிக் கட்டணம் கட்டுகிறவனுக்கல்லவா தெரியும், எந்த வயதுப் பிள்ளைக்குச் செலவு அதிகம் என்று!

ஆஸ்டின்_தம்பி | 2021 ஜனவரி 15

வணக்கம் அண்ணா. நான் எஃப்-1 மாணவர் விசா, ஓ.பி.டியில் (படிப்பு முடித்தபின் வேலை செய்ய விடும் அனுமதி) இருக்கிறேன். 2017 ஆகஸ்டில் வந்தேன். எனக்குப் பணம் வரவில்லை. என் ரூம்மேட்டும் நானும் ஒரே பேட்ச், ஒரே விசா, அவனுக்கு 1,200 வந்தது, இப்போது 600-உம் வந்தது. அவன் ஆன்லைனில் ஏதோ ஒரு சாஃப்ட்வேரில் தானே ஃபைல் செய்துகொண்டான். நான் யூனிவர்சிட்டி கொடுத்த சாஃப்ட்வேரில் 1040-என்.ஆர் (நான்-ரெசிடென்ட்களுக்கான படிவம்) போட்டேன். 'நீ ஏமாந்துவிட்டாய்' என்று அவன் கிண்டல் செய்கிறான். நானும் மாற்றிப் போடலாமா?

கணக்குப்பிள்ளை | 2021 ஜனவரி 15

தம்பி, நீங்கள் போட்டதுதான் சரி. மாற்றிவிடாதீர்கள்.

எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து காலண்டர் வருடங்கள், ரெசிடென்டா என்று பார்க்கும் நாள் கணக்கில் சேராது. 2017 ஆகஸ்டில் வந்தாலும் 2017 ஒரு முழு வருடமாகத்தான் எண்ணப்படும். ஆக 2017 முதல் 2021 வரை நீங்கள் நான்-ரெசிடென்ட். ஓ.பி.டியும் எஃப்-1தான். ஸ்டிமுலஸ் கிடையாது. அதற்குப் பதிலாகச் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடிக்கக்கூடாது. உங்கள் பே-ஸ்டப்பைப் பாருங்கள், பிடித்திருந்தால் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். அது 1,200-ஐவிடப் பெரிய தொகையாகக்கூட இருக்கலாம். கூடவே இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவால் இந்திய மாணவர்களுக்கு 1040-என்.ஆர் படிவத்திலேயே ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு. மற்ற பல நாட்டு மாணவர்களுக்கு அது இல்லை.

உங்கள் நண்பர்தான் சிக்கலில் இருக்கிறார். 1040 போட்டதால் கம்ப்யூட்டர் அவரை ரெசிடென்ட் என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டது. 1040-எக்ஸ் போட்டு, 1040-என்.ஆர் இணைத்துத் திருத்த வேண்டும். பணத்தையும் திருப்ப வேண்டும். டெபாசிட்டாக வந்ததென்றால் 'யு.எஸ். ட்ரெஷரி' பெயரில் செக் எழுதி, '2020 இ.ஐ.பி' என்றும் எஸ்.எஸ்.என் எண்ணையும் குறித்து, திருப்புவதற்கான காரணத்தை ஒரு தாளில் எழுதி அனுப்பலாம். காகிதச் செக்காக வந்து மாற்றாமல் இருந்தால், பின்பக்கம் கையெழுத்துப் போடும் இடத்தில் 'வாய்ட்' என்று எழுதி அனுப்பினால் போதும்.

டாலஸ்_குமார் | 2021 ஜனவரி 15

போன அக்டோபரில் எஃப்-1-இலிருந்து எச்-1பிக்கு மாறியவர்கள் என்ன ஆவார்கள்? எங்கள் டீமில் இரண்டு பேர் அப்படி இருக்கிறார்கள். ஒருவன் 2015-இல் வந்தவன், இன்னொருவன் 2018.

கணக்குப்பிள்ளை | 2021 ஜனவரி 16

நல்ல கேள்வி. 2018-இல் வந்தவருக்கு 2020-இல் எண்ணப்படும் நாள் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92தான். ரெசிடென்ட் ஆக வேண்டிய 183 நாளை எட்டவில்லை. நான்-ரெசிடென்ட், பணம் இல்லை. 2015-இல் வந்தவருக்கு ஐந்து வருட விலக்கு 2019-ஓடு முடிந்தது. 2020 முழுக்க எண்ணப்படும். அவர் ரெசிடென்ட், எஃப்-1-இல் இருந்த மாதங்கள் உட்பட. இரண்டு தவணையும் 30-ஆம் வரியில் கேட்கலாம். பக்கத்து பக்கத்து சீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு விதம், சட்டம் அப்படி.

டாலஸ்_குமார் | 2021 ஜனவரி 16

சரி, உதவித்தொகை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உறுத்தல் இன்னும் இருக்கிறது. 600-ஐ ஃபுட் பேங்குக்கு அனுப்பிவிட்டேன். 1,200-ஐ அனுப்பவில்லை, கார் டிரான்ஸ்மிஷன் போய்விட்டது.

ராலே_சுந்தரம் | 2021 மார்ச் 12

நேற்று பைடன் மூன்றாவது தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்! தலைக்கு 1,400. இந்தத் தடவை எந்த வயது டிபென்டன்டுக்கும் உண்டாம். மகளுக்கும் வரும், கிரீன் கார்டில் எங்களோடு இருக்கும் என் அம்மாவுக்கும் வரும். 81 வயதில் அம்மா கேட்கிறார், 'எனக்கு எதுக்குடா வெள்ளைக்காரன் காசு கொடுக்கிறான்?'

கணக்குப்பிள்ளை | 2021 மார்ச் 12

பாட்டிக்கு வாழ்த்துகள் சார். மற்றவர்கள் கவனிக்க: இந்தத் தடவை வரம்பைத் தாண்டினால் சரிவு செங்குத்து. முதல் இரண்டு தவணையில் 100 டாலருக்கு 5 டாலர் என்று மெதுவாகக் குறைந்தது. இப்போது தம்பதிக்கு 1,50,000-இல் தொடங்கி 1,60,000-இல் பூஜ்யம், குடும்பத்தில் எத்தனை பேர் இருந்தாலும். தனி ஆளுக்கு 75,000 முதல் 80,000 வரை.

மீனா மேடம், 2020 ரிட்டர்னை அனுப்பிவிட்டீர்களா? 2019-ஐ வைத்து அனுப்பினால் 1,58,000, குழந்தை இல்லை, 560 டாலர்தான் வரும். 2020-ஐ வைத்தால் மூவருக்கு 4,200-இல் ஐந்தில் ஒரு பங்கு போய் 3,360.

மினியாப்பொலிஸ்_மீனா | 2021 மார்ச் 20

பிப்ரவரி கடைசியில்தான் அனுப்பினோம், இன்னும் பரிசீலனையில் என்று காட்டுகிறது. 17-ஆம் தேதி 560 வந்துவிட்டது. போனது போனதுதானா?

கணக்குப்பிள்ளை | 2021 மார்ச் 20

இல்லை. 2020 ரிட்டர்ன் முடிந்ததும் வித்தியாசத்தைத் தனியாக அனுப்புவார்கள், 'ப்ளஸ்-அப்' என்று பெயர். உங்களுக்கு 2,800 வர வேண்டும். அதுவும் வராவிட்டால் அடுத்த வருடம் 2021 ரிட்டர்னின் 30-ஆம் வரி இருக்கவே இருக்கிறது.

எடிசன்_வாசன் | 2021 ஏப்ரல் 3

அண்ணா, 2,800 வந்துவிட்டது, எனக்கும் மகளுக்கும். 2020 ரிட்டர்ன் இன்னும் போடவில்லை. மனைவியின் ஈ.ஏ.டி (வேலை அனுமதி அட்டை) விண்ணப்பம் பயோமெட்ரிக்ஸில் (கைரேகை எடுப்பதில்) மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நிற்கிறது. அது வந்து எஸ்.எஸ்.என் எடுத்தால் அவருக்கும் கேட்க முடியுமா, அல்லது 2020-இல் எண் இல்லாததால் முடியாதா?

கணக்குப்பிள்ளை | 2021 ஏப்ரல் 3

இந்தக் கேள்வியை நீங்கள் ஃபைல் செய்வதற்கு முன்னால் கேட்டது நல்லதாயிற்று. 2020-இல் எண் இருந்திருக்க வேண்டும் என்பது விதி இல்லை. ரிட்டர்னின் கெடு தேதிக்குள் எண் வழங்கப்பட்டிருக்க வேண்டும், நீட்டித்த கெடுவும் கணக்கில் வரும். இந்த வருடம் கெடு மே 17. அதற்குள் 4868 படிவம் போட்டு நீட்டிப்பு வாங்கினால் அக்டோபர் 15 வரை அவகாசம். வரி பாக்கி ஏதாவது வரும் என்றால் அதை மட்டும் மே 17-க்குள் கட்டிவிடுங்கள், நீட்டிப்பு தாளுக்குத்தான், பணத்துக்கு இல்லை.

மனைவிக்கு எண் வந்துவிட்டால், முதல் தவணை 2,900, இரண்டாவது 1,800, மொத்தம் 4,700. வாங்கிய 1,200 போக 3,500. எண் வராவிட்டால் 1,700. வித்தியாசம் 1,800 டாலர், காத்திருக்கலாம் என்பது என் கருத்து. வீட்டில் பணமுடை என்றால் கதை வேறு, அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எடிசன்_வாசன் | 2021 செப்டம்பர் 9

மே மாதம் எச்-4-க்கு பயோமெட்ரிக்ஸை நிறுத்தி வைத்தார்களே, அதன் பிறகு கோப்பு நகர ஆரம்பித்தது. ஈ.ஏ.டி வந்து, எஸ்.எஸ்.என் அட்டையும் போன வாரம் வந்துவிட்டது. 3,500 என்று 30-ஆம் வரியில் போட்டு அனுப்பிவிட்டேன். பழைய ஐ.டி.ஐ.என் என்ன ஆகும்?

கணக்குப்பிள்ளை | 2021 செப்டம்பர் 9

ஐ.ஆர்.எஸ்ஸுக்கு ஒரு கடிதம் எழுதி, அதை ரத்து செய்து பழைய வரிக் கணக்கை எஸ்.எஸ்.என்-ஓடு இணைக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணையும் ஒன்றாகப் பயன்படுத்தக்கூடாது.

நேபர்வில்_கவிதா | 2022 பிப்ரவரி 8

எனக்கு அந்த இரண்டாவது தவணை விஷயம் ட்ரேஸ் போட்டுத் தீர்ந்தது, நன்றி. புதிய குழப்பம். மூன்றாவது தவணைக்காக 6475 என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. நாலு பேருக்கு 5,600 வாங்கினோம், கடிதத்தில் 2,800 என்று இருக்கிறது. பாக்கி 2,800 தருவார்களா?

கணக்குப்பிள்ளை | 2022 பிப்ரவரி 8

தர மாட்டார்கள் :) சேர்ந்து ஃபைல் செய்பவர்களுக்கு ஆளுக்கொரு கடிதம், ஆளுக்குப் பாதித் தொகை. உங்கள் கணவர் பெயரில் இன்னொன்று வந்திருக்கும், தபால் குவியலில் தேடுங்கள். இரண்டையும் கூட்டித்தான் ரிட்டர்னில் எழுத வேண்டும். இந்த சீசனில் ஒரு கடிதத்தை மட்டும் வைத்து 30-ஆம் வரியில் கேட்டுவிட்டு, ரீஃபண்ட் நிற்கிறது என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

கேட்ட தொகையைக் குறைத்து ஐ.ஆர்.எஸ் கடிதம் அனுப்பினால், சி.பி 11, 12, 13 என்று எண் இருக்கும். தவறு அவர்கள் பக்கம் என்று தோன்றினால் 60 நாளுக்குள் மறுப்புத் தெரிவியுங்கள். அதற்குப் பிறகு போராட்டம் கடினம்.

ஆஸ்டின்_தம்பி | 2025 ஜனவரி 10

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். 2021 ரிட்டர்னில் 30-ஆம் வரியைக் காலியாக விட்டவர்களுக்கு ஐ.ஆர்.எஸ் தானாகவே 1,400 வரை அனுப்புகிறது என்று டிசம்பரில் செய்தி வந்ததே, ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு. என் அண்ணன் அப்போது எச்-1பியில் இருந்தான், 30-ஆம் வரியைக் காலியாக விட்டிருக்கிறான். 2023 கடைசியில் வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டான். 2023 ரிட்டர்னில் கொடுத்த வங்கிக் கணக்கை மூடிவிட்டான். முகவரி பழைய அபார்ட்மென்ட். பணம் எங்கே போகும்?

கணக்குப்பிள்ளை | 2025 ஜனவரி 10

தம்பி, நலமா? டெபாசிட் முதலில் 2023 ரிட்டர்னில் உள்ள கணக்குக்குப் போகும். மூடிய கணக்கு என்றால் வங்கி திருப்பி அனுப்பும், பிறகு காகிதச் செக்காக ஏட்டில் உள்ள முகவரிக்கு, அதாவது அந்தப் பழைய அபார்ட்மென்டுக்குப் போகும். ஆகவே அண்ணனை இன்றைக்கே 8822 படிவத்தில் முகவரியை மாற்றச் சொல்லுங்கள். இந்தியாவுக்கு மாற்றலாம், ஆனால் அமெரிக்க ட்ரெஷரி செக்கை அங்கே பல வங்கிகள் வாங்குவதே இல்லை, வாங்கினாலும் கலெக்‌ஷனுக்கு அனுப்பி வாரக்கணக்கில் இழுப்பார்கள். செக்குக்கு ஆயுள் ஒரு வருடம். உங்கள் முகவரியைக் கொடுப்பது நல்லது. அமெரிக்காவில் அவருக்கு வேறு கணக்கு ஏதாவது உயிரோடு இருக்கிறதா?

ஆஸ்டின்_தம்பி | 2025 ஜனவரி 10

ஒரு சேவிங்ஸ் கணக்கு இருக்கிறது அண்ணா, 401கே (ஓய்வுக்காலச் சேமிப்பு)-க்காக வைத்திருக்கிறான்.

கணக்குப்பிள்ளை | 2025 ஜனவரி 10

அப்படியானால் செக் வந்ததும் பின்னால் கையெழுத்துப் போட வேண்டுமே என்று அதை ஊருக்கும் இங்கேயும் அலைக்கழிக்க வேண்டாம். அந்த வங்கியிடம், கணக்குக்காரர் கையெழுத்து இல்லாமல் அவர் கணக்கிலேயே டெபாசிட் செய்ய விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வங்கிக்கு வங்கி மாறும். 2021 ரிட்டர்னே போடாத நண்பர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குத் தானாக எதுவும் வராது, ஏப்ரல் 15-க்குள் போட்டாக வேண்டும். 2020-க்கான கெடு போன மே மாதத்தோடு முடிந்துவிட்டது.

டாலஸ்_குமார் | 2025 ஜனவரி 11

'உங்கள் 1,400 தயாராக இருக்கிறது, இந்த லிங்கை அழுத்துங்கள்' என்று எனக்கு நேற்று மெசேஜ் வந்தது. ஐ.ஆர்.எஸ்ஸா அது?

கணக்குப்பிள்ளை | 2025 ஜனவரி 11

இல்லை. அழித்துவிடுங்கள். இந்தப் பணத்துக்காக ஐ.ஆர்.எஸ் யாருக்கும் லிங்க் அனுப்புவதில்லை. வருவது டெபாசிட் அல்லது செக், கூடவே தபாலில் ஒரு கடிதம்.